மாப்பிள்ளையின் தலைப்பாகை

என் மேஜையில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். முப்பத்தைந்து வருஷமாக இருக்கிறார். காபி கேட்க மாட்டார், லீவு கேட்க மாட்டார், நான் கத்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார். ஏனென்றால் அவர் வெறும் மண்டை ஓடு.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது மருத்துவக் கல்லூரியின் பழைய அலமாரியிலிருந்து என் கைக்கு வந்த முதல் மண்டை அது. புருவ மேடு, தாடை, கண்குழியின் விளிம்பு, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக் குமிழ், பிடரியில் ஓடும் வரம்பு, இந்த ஐந்தையும் புத்தகத்தில் சொன்னபடி தடவிப் பார்த்தேன். பிடரி வரம்பு நல்ல தடிமன். ‘ஆண், வயது நாற்பதுக்கு மேல்’ என்று சீட்டு எழுதி ஒட்டினேன். கூடப் படித்த பயல்கள் சிவப்புக் கரை போட்ட ஒரு துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிவிட்டு, மாப்பிள்ளை என்று பெயரும் வைத்தார்கள். அதை யாரும் அவிழ்க்கவில்லை. அதன் பிறகு நான் பாடம் எடுத்த அத்தனை வகுப்பிலும், “ஆம்பள மண்டை எப்படி இருக்கும்? இவரு பிடரியத் தடவிப் பாருங்க, தெரிஞ்சிரும்” என்றுதான் ஆரம்பிப்பேன்.

தாழிக்கும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தாழி என்பது எங்கள் எலும்பாய்வு மையத்தின் இயந்திரம். முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூர் பக்கத்தில் இருக்கிறோம் என்பதால் அந்தப் பெயர். மண்டை ஓட்டை அதன் தட்டில் வைத்துக் கதவை மூடினால் நாலு நிமிஷம். ஆணா பெண்ணா என்று முதலில் முடிவு செய்யும். பிறகு வயதைச் சொல்லும், முகத்தை வரையும், காணாமல் போனவர்களின் முகப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பெயரையும் சொல்லிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பொருத்தம் வந்தால் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட நிமிஷத்தில் அந்த ஆள் சட்டப்படி செத்துப்போவார். ரேஷன் முதல் ரயில் டிக்கெட் வரை எல்லாப் பதிவிலிருந்தும் அவர் பெயர் விழுந்துவிடும். பதினோரு வருஷத்தில் மூவாயிரத்து அறுநூறு கையெழுத்து போட்டிருக்கிறேன்.

அந்தத் தாழிக்கு மண்டை பார்க்கக் கற்றுக்கொடுத்த வாத்தியாரம்மா நான்தான். டாக்டர் ஆவுடையம்மாள் என்கிற நான் சீட்டு ஒட்டிய அறுநூறு மண்டைகளைப் பார்த்துத்தான் அது படித்தது. முதல் பாடம் மாப்பிள்ளை. துணிக்குள் இருக்கும் எலும்பும் தாழிக்குத் தெரியும் என்பதால் தலைப்பாகையோடேயே உள்ளே வைத்தேன். இதைப் பத்து வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்ல நாக்கு கூசுகிறது.

அன்று வியாழக்கிழமை. காலையில் வேலைக்கு வரும்போதே, வாசலில் என் ஸ்கூட்டரை நிறுத்தும் இடத்தில் ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு வயர்க்கூடை.

“யாரும்மா அது? எந்திரி, வண்டிய விடணும்.”

“இசக்கிராணி மேடம். பேச்சிமுத்துக்கு அக்கா. ரெண்டு தடவ வந்து கேட்டோட திரும்பிப் போனேன். இன்னைக்கு வண்டிய எம்மேல ஏத்திட்டுதான் நீங்க உள்ள போணும்.”

பேச்சிமுத்து கேஸ் எனக்கு ஞாபகம் இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன உப்பளம். அங்கே அருள்ராஜ் என்ற மேஸ்திரிக்கும் பேச்சிமுத்துவுக்கும் தகராறு. எல்லார் முன்னாலும் மேஸ்திரியை ஓர் அறை விட்டு, “ஒன்ன இந்த உப்புலயே பொதச்சிருவேன்ல” என்று பேச்சிமுத்து கத்தியிருக்கிறான். அடுத்த வாரம் அருள்ராஜைக் காணோம். மூன்று வருஷம் கழித்து, பேச்சிமுத்து வேலை பார்த்த பாத்திக்குப் பக்கத்திலேயே கரையை வெட்டியபோது ஒரு மண்டை வந்தது. மண்டை மட்டும்தான். இடுப்பெலும்பு கிடைத்திருந்தால் ஆணா பெண்ணா என்பது கண்ணால் பார்த்தே சொல்கிற வேலை, கிடைக்கவில்லை. உப்பும் வெயிலும் தின்றதில் மரபணுவும் மிச்சமில்லை. தாழியில் வைத்தோம். அருள்ராஜ், தொண்ணூற்றாறு சதவீதம் என்றது. நான் கையெழுத்துப் போட்டேன். காணாமல் போன கேஸ் கொலைக் கேஸ் ஆனது. பேச்சிமுத்து உள்ளே போய் பதினாலு மாதம்.

“திங்கக்கிழம தீர்ப்பு மேடம். தூக்கு குடுப்பாகன்னு வக்கீலே சொல்லுதாரு.”

“நான் என்னம்மா செய்ய முடியும்? மிஷின் சொல்லியாச்சு. அதுதான் சட்டம்.”

“மிஷினு சொல்லட்டும். நீங்க தொட்டுப் பாத்தீகளா?”

எனக்குச் சுருக்கென்றது. தொட்டுப் பார்க்கவில்லை. தாழி வந்த பிறகு எந்த மண்டையையும் நான் கையில் எடுப்பதே இல்லை. திரையில் எண் வரும், கையெழுத்துப் போடுவேன், டீ குடிப்பேன். இதையெல்லாம் அவளிடம் சொல்ல முடியுமா? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவள் வயர்க்கூடைக்குள் கையை விட்டு, பழைய பாவாடைத் துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்தாள். மண்டை ஓட்டின் நகல். இப்படிப்பட்ட கேஸ்களில் எதிர்த் தரப்புக்குக் கோர்ட்டு ஒரு நகல் தர வேண்டும். தலைமுடி அளவுகூட வித்தியாசம் இல்லாமல் அச்சடித்து எடுத்த நகல்.

“இது பொம்பள மண்டை மேடம்” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன். செக்யூரிட்டி வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார், வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. சரி, பத்து நிமிஷம் பாடம் எடுத்து அனுப்பிவிடுவோம் என்று அவளை அறைக்கு அழைத்துப் போனேன். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளையை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் நகலைத் திருப்பிப் பிடித்தேன்.

“இங்க பாரும்மா. பிடரியில கோடு மாதிரி ஒரு வரம்பு ஓடுது தெரியுதா? இவ்வளவு தடிச்சிருந்தா ஆம்பள.”

“அது என்னத்துக்கு தடிக்குது?”

“கழுத்துச் சதை இங்கதான் வந்து எலும்பப் பிடிக்கும். சதைக்கு வலு கூடக் கூட எலும்பும் தடிக்கும். ஆம்பளைக்குக் கழுத்து வலு கூட.”

“ஆம்பளைக்கா?” இப்போது அவள் சிரித்தாள். “ஒரு நாளு எங்க அளத்துக்கு வாங்க மேடம். ஆம்பள என்ன செய்வான்? பலகய வச்சு உப்ப வாருவான், கரையில குமிப்பான், பீடி பத்த வப்பான். அத தூக்குறது யாரு? நாங்க. ஒரு பெட்டி முப்பது கிலோ. பொழுது விடியுமுன்ன தொடங்குனா பன்னெண்டு மணிக்குள்ள நூறு நடை, நூத்தம்பது நடை. நான் பதிமூணு வயசுல தலைல சும்மாடு வச்சேன்.”

“ஆம்பளைங்க யாரும் சுமக்க மாட்டாங்களா?”

“தலைலயா? செத்தாலும் ஏத்த மாட்டான். பொம்பள வேலங்கான். கேலி பண்ணியே ஊர விட்டு வெரட்டிருவாக.”

“இப்பதான் எல்லாத்துக்கும் மிஷின் வந்திருச்சே.”

“பெரிய கம்பெனி அளத்துல வந்திருச்சு. எங்க சின்ன அளத்துக்கு நாங்கதான் மிஷினு.”

சொல்லிவிட்டுக் கொண்டையை அவிழ்த்தாள். தலையைக் குனிந்து, மேஜைக்கு இந்தப் பக்கம் நீட்டினாள். “தொட்டுப் பாருங்க.”

“அய்ய, என்னம்மா இது...”

“செத்தவக மண்டையத்தானே தொடுவீக? உசுரோட இருக்கவ மண்டையயும் ஒரு தடவ தொடுங்க.”

தொட்டேன். எண்ணெய் தேய்த்த தலை. உச்சியில், முன்நெற்றி எலும்பு முடிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், என் உள்ளங்கை பதிகிற அளவுக்கு ஓர் ஆழமில்லாத பள்ளம். துணியை வளையமாகச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்து, அதன்மேல் சுமை ஏற்றுகிற இடம். வளர்கிற வயதிலிருந்து முப்பது வருஷம் அழுத்தினால் எலும்பு பள்ளம் விழாமல் என்ன செய்யும்? விரலைப் பிடரிக்குக் கொண்டுபோனேன். சதைக்கு அடியில் அந்த வரம்பு. மாப்பிள்ளைக்கு இருப்பதைவிடத் தடிப்பு.

“இப்ப அத தொடுங்க” என்றாள்.

நகலின் உச்சியில் கையை வைத்தேன். அதே இடம். அதே பள்ளம். என் உள்ளங்கை அதில் அப்படியே உட்கார்ந்தது.

தாழி இந்தப் பள்ளத்தைப் பார்க்காமலா இருந்திருக்கும்? பார்த்திருக்கும். ஆனால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் பாடப் புத்தகத்தை எழுதினவர் ஊரில் பெண்கள் தலையில் உப்பு சுமக்கவில்லை. நான் பிறந்த ஊரில் சுமந்தார்கள். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

“எப்படிம்மா கண்டுபிடிச்ச?”

“கண்டுபிடிக்க என்ன இருக்கு? கோர்ட்டுல குடுத்தாக. செத்தது யாரா இருந்தாலும் ஒரு மனுசந்தானேன்னு வீட்டுல கொண்டுபோயி தண்ணி ஊத்திக் கழுவுனேன். கழுவும்போது கை சொல்லிருச்சி.”

நான் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது.

அரை மணி நேரத்தில் இயக்குநர் அறையில் நின்றேன். சாமுவேல் தனராஜ் கெட்டவர் இல்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னிடமே படித்தவர். அதனால் என்னைத் திட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்தார்.

“மேடம், பள்ளம்னு சொல்றீங்க. முகம் தொண்ணூத்தாறு சதவீதம் பொருந்தியிருக்கே. அது எப்படி?”

“ஆணுன்னு முடிவு பண்ணிட்டா தாழி பெண்கள் பதிவேட்டத் தொறந்தே பாக்காது சாமுவேல். ஆம்பளைங்கள்ல யாரு கிட்ட வர்றாங்கன்னுதான் தேடும். அந்த ஊர்ல மாமன் மகள், அத்தை மகன்னு சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிறாங்க. தெருவுக்கே ஒரே தாடை. ஒரு பொம்பளையோட முகம் அவ சொந்தக்காரனோட முகமா தெரிஞ்சிருக்கு.”

“சரி. சந்தேகம்னு ஒரு கடிதம் எழுதுங்க. நான் மேல அனுப்புறேன்.”

“அது போய்ச் சேர்றதுக்குள்ள தீர்ப்பு வந்திரும். மறுஆய்வு மனு கொடுக்கப் போறேன்.”

அவர் எழுந்தே விட்டார். மறுஆய்வு மனுவைச் சான்று கொடுத்தவர் மட்டும்தான் கொடுக்க முடியும். அதில் ஒரே ஒரு வாக்கியம் அச்சடித்திருக்கும்: ‘நான் அளித்த சான்று தவறானது என்று உறுதியாக நம்புகிறேன்.’ அதன் கீழே கையெழுத்துப் போட்டால்தான் முத்திரையை உடைத்து அசல் மண்டையை வெளியே எடுத்து வேறு சோதனை செய்யலாம். சோதனை செய்துவிட்டுக் கையெழுத்துப் போடலாமே என்றால், அதற்கு வழி இல்லை. முதலில் கழுத்தை நீட்ட வேண்டும்.

“மேடம், ஒரு கேஸ் இல்ல இது. நீங்க தப்புன்னு எழுதினா, தாழி படிச்ச பாடமே தப்புன்னு ஆகும். மூவாயிரத்து அறுநூறு பைலையும் தொறக்கணும். வருஷா வருஷம் திதி கொடுத்துக்கிட்டு இருக்கிற பிள்ளைங்ககிட்ட போயி, அது உங்க அப்பா இல்லைன்னு சொல்லப் போறீங்களா? மனசு ஆறி உக்காந்திருக்கவங்கள மறுபடி அழ வைக்கணுமா?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. என் பெயர் நாறிப்போகுமே என்ற கவலையும் எனக்குள் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அறுபது வயதுக்கு மேல் மூக்குடைபட யாருக்குப் பிடிக்கும்?

“அழுறது இருக்கட்டும் சாமுவேல். திங்கட்கிழமை ஒருத்தனுக்குத் தூக்குன்னு எழுதிட்டாங்கன்னா, அதுக்கப்புறம் நான் எப்படிச் சோறு திம்பேன்? நீங்க எப்படித் திம்பீங்க?”

அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மேஜை டிராயரைத் திறந்து மனுப் படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளியதும் அவர்தான். ஆனால் முகத்தைக் காட்டவில்லை.

கையெழுத்துப் போட்டேன். மூவாயிரத்து அறுநூறு தடவை கண்ணை மூடிக்கொண்டு போட்டதை, அன்று அந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அசல் மண்டை வந்தது. எங்கள் ஆய்வகத்தின் மூலையில் ஒரு பழைய கருவி துணி போர்த்திக் கிடந்தது. தாழி வருவதற்கு முன்னால் எனக்கு அதுதான் துணை. மரபணு அழிந்துபோன எலும்பிலும் பல்லின் மேல்பூச்சு அழியாது. அந்தப் பூச்சில் ஒரு புரதம் உண்டு; அதில் ஆண்களுக்கு மட்டும் ஒரு தனி வகை இருக்கும். துணியை எடுத்துத் தூசியைத் தட்டினேன். ஒரு கடைவாய்ப் பல்லிலிருந்து நகக்கண் அளவுக்குச் சுரண்டிக் கருவிக்குள் வைத்தேன். மூன்று மணி நேரம் ஆகும் என்றது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாமுவேல் நாலு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வேலையாக வந்தது மாதிரி எதையோ எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்றரை மணிக்கு முடிவு வந்தது. ஆண் வகைப் புரதம் இல்லை.

“அப்பாடா” என்று நாற்காலியில் சரிந்தேன். ஆனால் சாமுவேல் இழுத்தார். “மேடம், நூத்துல ஒண்ணு ரெண்டு ஆம்பளைங்களுக்கும் அந்த வகை இல்லாமப் போறது உண்டுன்னு நீங்கதானே எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க?”

“எடுத்தேன். அதனால என்ன? பெண்கள் பதிவேட்டத் தொறங்க. இவ யாருன்னு மிஷினே சொல்லட்டும்.”

தாழிக்குள் மண்டையை வைத்தோம். ‘பெண்’ என்று கையால் அழுத்தி, முதல் கேள்வியைத் தாண்டவைத்தோம். நாலு நிமிஷம். திரையில் ஒரு பெண்ணின் முகம் மெதுவாக வந்தது. அகன்ற தாடை, அமுங்கிய சிரிப்பு. பொன்னுத்தாய், உப்பளத் தொழிலாளி, வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் புயல் வந்த அன்று, குவித்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடப் போனவள் திரும்பவில்லை. பொருத்தம் தொண்ணூற்றொன்பது. கீழே உறவினர் வரிசையில் ஒரு பெயரைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். அண்ணன் மகன், அருள்ராஜ்.

கொலையே இல்லை. வெள்ளத்தில் போன ஒரு பெண். அவளைக் காணோம் என்று அவள் மகள் பன்னிரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ‘பெண் மண்டை எதுவும் கிடைக்கவில்லை’ என்று நாங்களும் பதில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம்.

அருள்ராஜின் மரணச் சான்றை ரத்து செய்யும் பொத்தானைச் சாமுவேல்தான் அழுத்தினார். இரண்டு மணி பத்து நிமிஷம். இனி அருள்ராஜ் எங்கே என்று யார் தேடுவது, அதற்கு எத்தனை மாதம் ஆகும், அதுவரை பேச்சிமுத்துவை விடுவார்களா என்று பேசிக்கொண்டு டீயை வாயில் வைத்தோம். திரை மணி அடித்தது.

இரண்டு மணி இருபத்தொன்று. ‘அருள்ராஜ், உயிருடன் உள்ளார். குஜராத், கட்ச் மாவட்டம், பஸ் நிலைய டீக்கடை.’

கூடவே ஒரு படம். தாடி வைத்து, கொஞ்சம் தொந்தி போட்டு, கையில் டீ கிளாஸோடு மேஸ்திரி எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எப்படி மேடம்? பதினோரு நிமிஷத்துல எப்படி?” சாமுவேல் கத்தினார்.

எனக்குப் புரிந்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “நாடு முழுக்கக் கேமராவ ஒரே வலையில சேத்தது போன வருஷந்தானே? அதுக்குள்ள இந்த ஆள நான் சாகடிச்சிட்டேன். செத்தவங்கள மிஷின் தேடாது. பின்னால போய்ப் பாருங்க, எத்தன தடவ இவரு முகத்தப் பாத்திருக்குன்னு.”

பார்த்தார். முப்பத்தெட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் கேமரா, ‘இவர் அருள்ராஜ்’ என்று சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பதிவேடு, ‘அவர் இறந்துவிட்டார், உன் கண்ணில் கோளாறு’ என்று தூக்கிப் போட்டிருக்கிறது. கோளாறு என் கையெழுத்தில் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் அந்த ஊர் போலீஸ் அவரை வீடியோவில் பேசவைத்தது. பக்கத்து உப்பளத்தில் யாரோ ஒருவர் பெயரில் வேலை பார்க்கிறாராம்.

“எல்லாரு முன்னாலயும் அடி வாங்கிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அளத்துல நிக்க? அதான் வண்டி ஏறிட்டேன்” என்றார். “நடுவுல டிக்கெட்டு எடுக்கப் போனா, நீங்க செத்துட்டீகன்னு மிஷினு சொல்லுச்சி. சரி, நல்லதாப் போச்சின்னு இருந்துட்டேன்.”

“பேச்சிமுத்து உங்களக் கொன்னதா ஜெயில்ல இருக்கான்யா!” என்று நான் கத்தினேன்.

மேஸ்திரியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “யாரு, பேச்சியா? அய்யய்யோ. சத்தியமா எனக்குத் தெரியாது தாயி. ஒரு அறைக்கா தூக்கு? நான் இப்பமே கிளம்பி வாரேன், அவன விடச் சொல்லுங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடிக்கலாம் என்றிருந்த கோபம் அதைக் கேட்டதும் எனக்கு அடங்கிவிட்டது.

இசக்கிராணிக்கு நானே போன் பண்ணினேன். உப்பளத்தில் இருந்தாள், காற்றுச் சத்தம் கேட்டது.

“இசக்கி, அருள்ராஜ் உயிரோட இருக்காரு. நான் பாத்தேன், பேசினேன்.”

ஏதோ பொத்தென்று விழுந்த சத்தம். நான் பயந்துபோய் நாலு தடவை கூப்பிட்டேன்.

“ஒண்ணுமில்ல மேடம்” என்று குரல் வந்தது. “பெட்டியக் கீழ போட்டுட்டேன்.” பிறகு அழ ஆரம்பித்தாள். சுற்றி இருந்த பெண்கள் என்ன ஏது என்று ஓடிவந்து கேட்பதும், அவள் சொல்வதும், அவர்கள் எல்லாரும் சேர்ந்து கத்துவதும் கேட்டது. ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. போனை வைக்க மனசே வரவில்லை.

திங்கட்கிழமை அருள்ராஜ் கோர்ட்டில் நேரில் நின்றார். தான் செத்துப்போகவில்லை என்று நீதிபதியிடம் அவரே சொல்ல, கோர்ட்டே சிரித்ததாம். பேச்சிமுத்துவைச் சாயங்காலமே விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை காலையில் அக்காளும் தம்பியும் என்னைப் பார்க்க வந்தார்கள். இந்தத் தடவை செக்யூரிட்டி கேட்டைத் திறந்துவிட்டு நின்றார். பேச்சிமுத்து ஒல்லியாக, கூச்சமாக, வாசல்படியிலேயே நின்றான். கையில் தூத்துக்குடி மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலம்.

“உள்ள வாயேன்ல” என்று இசக்கிராணி அதட்டினாள். “பொதச்சிருவேன்னு கத்தத் தெரிஞ்சிச்சில்ல? இப்ப மேடத்துக்கு ஒரு வார்த்த சொல்லத் தெரியல.”

“இனிமே கோவமே பட மாட்டேன் மேடம்” என்றான் அவன்.

“பட்டாலும் பரவாயில்ல. உப்ப மட்டும் இழுக்காத” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். மக்ரூன் வாயில் வைத்ததும் கரைந்தது. நாலைந்து நாளுக்குப் பிறகு நாக்குக்கு அன்றுதான் ருசி தெரிந்தது.

பொன்னுத்தாயின் மகள் செவ்வாய்க்கிழமை வந்து தாயை வாங்கிப்போன கதையைச் சொன்னேன். அழுவாள் என்று சாமுவேலும் நானும் தண்ணீர்ச் செம்போடு காத்திருந்தோம். அழத்தான் அழுதாள். அழுது முடித்துவிட்டு, “எங்கயோ எங்கள விட்டுட்டுப் போயிட்டான்னு ஊர்ல பேசுனாக சார். எங்கம்மா எங்கயும் போகல, வேலையிலதான் இருந்திருக்கா” என்று சாமுவேலின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் போன பிறகு சாமுவேல் அந்த மூவாயிரத்து அறுநூறு பைல்களின் பட்டியலைத் தானே அச்சடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

“எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம் மேடம்?” என்று கேட்டார். நான் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரமாகத் தெரியும். தைரியம்தான் இல்லை.

“அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன் மேடம்” என்றாள் இசக்கிராணி, மேஜையைப் பார்த்து. “தலப்பா கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே, இவரு யாரு?”

“மாப்பிள்ளை. எனக்கு முதல் மண்டை. மிஷினுக்கும் இதுதான் முதல் பாடம்.” பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன். “அவுத்துப் பாக்க எனக்குப் பயமா இருக்கு இசக்கி.”

அவள் எழுந்து, மாப்பிள்ளையை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பினாள். தலைப்பாகையின் முடிச்சு முப்பத்தைந்து வருஷத்தில் இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். சிவப்புக் கரை வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்ட துண்டு, சுற்றுச் சுற்றாகப் பிரிந்து வந்தது. தூசி பறந்தது, பேச்சிமுத்து தும்மினான்.

துண்டை மேஜையில் போடுவாள் என்று நினைத்தேன். அவள் போடவில்லை. பழகிய கை இரண்டும் அந்தத் துண்டை முறுக்கின, வளைத்தன, நுனியை உள்ளே செருகின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைப்பாகை ஒரு சும்மாடு ஆகிவிட்டது. அதை மண்டையின் உச்சியில் வைத்துக் கையை எடுத்தாள்.

ஆடாமல் அசையாமல் அந்த இடத்தில் உட்கார்ந்தது.

முப்பத்தைந்து வருஷம் அவளைக் காட்டி ஆண் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அறிவியலுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் உள்ளே இருந்த பயம் அந்த நிமிஷத்தில் சுத்தமாகப் போய்விட்டது. மனசு லேசாகியிருந்தது. தாடையில் நான் ஒட்டிய பழைய சீட்டை ஈர விரலால் ஊறவைத்து உரித்தேன். டிராயரிலிருந்து மறுஆய்வு மனு ஒன்றை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். வரிசை எண் ஒன்று என்று எழுதிவிட்டுப் பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றது.

“மாப்பிள்ளைன்னு இனிமே கூப்பிட முடியாது. என்ன பேரு வைக்கலாம், சொல்லு” என்று இசக்கிராணியிடம் கேட்டேன்.

“நீங்க ஒண்ணும் வைக்காதீக மேடம்” என்றாள். “அவளுக்குன்னு ஒரு பேரு இருந்திருக்கும்லா. அதத் தேடுங்க.”